எழுந்த பிணத்துக்கு மார்க் கிடையாது

இபாதான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், நாடகத்துறை மாணவன் ஒருவன் செத்துப்போனான் என்றும், பெற்றவள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்தான் என்றும் ஒரு பேச்சு. ஊரில் இதைச் சொல்லாத மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரன் இல்லை. பின்னால் உட்கார்ந்தவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வான். ஒரு சபையின் போதகர் சுவரொட்டியே அடித்து ஒட்டிவிட்டார். அதில் பையன் பிழைத்த பிறகு எடுத்த படம் இருந்தது. செத்தபோது எடுத்தது கிடைக்கவில்லையாம். எவ்வளவு நேரம் செத்துக் கிடந்தான் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. டாக்சிக்காரன் கணக்கில் அரை மணி. போதகர் கணக்கில் மூன்று நாள், நாற்றம் வேறு.

விசாரித்துப் பார்த்தால் செத்தது உண்மை. எழுந்ததும் உண்மை. அது பரீட்சை என்பதைத்தான் எல்லாரும் வசதியாக விட்டுவிட்டார்கள். போதகர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை என்பதையும்.

பையன் பெயர் லாடிப்போ. இசெயின் ஊர்க்காரன். அம்மா சந்தையில் காய்ந்த மிளகாய் விற்கிறாள். அவளை ஊரில் எல்லாரும் லாடிப்போவம்மா என்றே கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை அவளே மறந்திருக்கக்கூடும். சந்தையில் அவள் கடை போடும் இடத்தில் பாதியைப் பக்கத்துக் கருவாட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். கருவாட்டுக்காரியின் மகன் போலீஸ். ஆகவே தன் மகன் வக்கீலாக வேண்டும் என்று மிளகாய்க்காரி முடிவு செய்தாள். பிள்ளைகளின் படிப்பு வேறு எப்படித்தான் முடிவாகும்.

லாடிப்போ சட்டத்துக்குத்தான் விண்ணப்பித்தான். மதிப்பெண் எட்டவில்லை. பல்கலைக்கழகம் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது. மருத்துவம் கேட்டவனுக்கு விலங்கியல் கொடுக்கும், கணக்கியல் கேட்டவளுக்குச் சமயக் கல்வி கொடுக்கும். சட்டம் கேட்டு எட்டாதவர்களை மொத்தமாக மூட்டை கட்டி நாடகத்துறை வாசலில் இறக்கும். அதனால் 'நாடகம்: ஓர் அறிமுகம்' வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் மனசளவில் வக்கீல்கள். ஆசிரியர் தும்மினால்கூட எந்த விதியின்கீழ் என்று கேட்பார்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? லாடிப்போ சொல்லவில்லை. சட்ட மாணவர்கள் போடும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையக் கழிப்பறையில் மாற்றிக்கொள்வான். அந்தத் துறையில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேஷம் அதுதான். அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

வகுப்பை எடுத்தவர் டாக்டர் ஒயெபான்ஜி. வெளிநாட்டில் படித்து, மழைக்கோட்டோடு திரும்பி வந்தவர். மேடைக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நான்காவது சுவர் ஒன்று இருக்கிறது, அதை மதிக்கத் தெரிந்த சமூகமே நாகரிகமான சமூகம் என்பது அவர் கட்சி. இந்த ஊர்க்காரர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. நன்றாக ஆடுகிறவனைக் கண்டால் எழுந்துபோய் நெற்றியில் பண நோட்டு ஒட்டிவிட்டு வருவார்கள். முந்தின வருஷம் மேடையில் நீதிபதியாக வந்த பையன் நெற்றியில் தீர்ப்பு சொல்லும் நேரம் பார்த்து யாரோ ஏறி நோட்டு ஒட்டினார்கள். அதில் விசேஷமாக ஒன்றும் இருப்பதாக மண்டபத்தில் ஒருவருக்கும் படவில்லை. டாக்டருக்கு மட்டும் இரத்தக் கொதிப்பு ஏறியது. இந்த வருஷம் மேடைக்கு முன்னால் கயிறு கட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சுவரை எல்லாரும் பார்க்கட்டும் என்று.

முதலாண்டுப் பரீட்சைக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே நாடகம்தான். டாக்டர் எழுதியது. அச்சிட்ட பிரதியை ஆளுக்கொன்று வாங்கியாக வேண்டும். அண்ணன் வாங்கியதைத் தம்பி வைத்துப் படிக்கக்கூடாது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்ப் பெரிய மனிதர் செத்துக் கிடக்கிறார். பிணத்தை வைத்துக்கொண்டே நிலத்துக்கு வழக்கு நடக்கிறது. திரை விலகியதிலிருந்து மூடும்வரை மேடை நடுவில் பிணம் இருக்கும்.

லாடிப்போ இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன். வாய்மொழித் தேர்வில் 'நாடகம் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, கேள்வி தெளிவாக இல்லை என்று ஆட்சேபம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அறிமுகப் பாடத்தில் இரண்டாம் தடவையும் தோற்றால் துறையைவிட்டே வெளியே. வெளியே போனால் ஊர். ஊருக்குப் போனால் அம்மா. அம்மாவிடம் போனால் வக்கீல் பட்டம் எங்கே என்ற கேள்வி. அது மட்டும் மிகவும் தெளிவான கேள்வி.

வேஷம் பிரிக்கும் நாளில் அவன் டாக்டர் அறைக்குப் போய், பெரியவர்களுக்கு முன்னால் ஆண்பிள்ளை செய்ய வேண்டிய முறைப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தபடியே பேசினான்.

"சார், அந்த வக்கீல் வேஷத்த எனக்குக் குடுங்க சார். வீட்டுல ஒரு சிக்கல். ஒரு போட்டோ எடுத்துட்டாப் போதும்."

டாக்டர் தரையைப் பார்த்தார். "அவனவன் வீட்டுச் சிக்கலுக்கு வேஷம் குடுக்க ஆரம்பிச்சா எல்லாரும் ராஜாதான். நீ பிணம்."

"பிணத்துக்கு வசனமே இல்லையே சார்."

"அதனாலதான் உனக்கு. போன வருஷம் நீ வாயத் திறந்து என்ன ஆச்சு? அசையாம கிடக்கறது நடிப்போட முதல் பாடம். இப்பக்கூட பாரு, எவ்வளவு நல்லாக் கிடக்கற." எழுந்திரு என்று கை காட்டினார். "கண்ணு இமைச்சாலும் ஃபெயில்."

உடுப்புக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற மொரெனிகே அக்கா போர்த்திக்கொள்ள வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தாள். மூலையில் துறையின் முத்திரை குத்தியிருந்தது. "போன வருஷப் பிணம் இதுல டீ சிந்திட்டான். நீயே வாங்கற, நீயே கொண்டு வந்து குடுக்கணும். ஆள் மாத்தி அனுப்பாத" என்றாள். செத்தவனுக்குப் போர்த்திய துணி திரும்பி வருவது உலகத்தில் அந்தக் கிடங்குக்கு மட்டும்தான் நடக்கும்.

அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமை சித்தி வீட்டில் பெயர் சூட்டு விழா, வந்துவிடு என்றாள். வரமுடியாது, அன்றைக்குப் பெரிய மண்டபத்தில் வழக்கு இருக்கிறது, பரீட்சை வழக்கு என்றான் லாடிப்போ. நீ இல்லாமல் நடக்காதா என்று கேட்டாள். நான் இல்லாமல் வழக்கே கிடையாது என்றான். வாழ்நாளில் அவன் அம்மாவிடம் அவ்வளவு சுத்தமான உண்மையைச் சொன்னதில்லை.

அதனால் வந்த வினைதான் மற்றதெல்லாம். மகன் வழக்காடுவதைப் பார்க்காமல் பெயர் சூட்டு விழாவில் உட்கார்ந்து சோறு தின்பாளா அவள்? வெள்ளிக்கிழமை பிற்பகல் வாடகை வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் சந்தைப் பெண்கள். எல்லாரும் ஒரே துணியில் ஒரே மாதிரி தைத்து உடுத்தியிருந்தார்கள்: ஊதாவில் மஞ்சள் பறவை. சூடு ஆறாத பெட்டியில் சோறு, தூக்கில் கறிக்குழம்பு. பெரிய மண்டபத்தில் வழக்காமே என்று காவலாளியைக் கேட்டார்கள். மண்டபத்து வாசலில் நீதிபதி படம் போட்ட விளம்பரம் தொங்கியது. ஆமாம், நிலத்து வழக்கு, சீக்கிரம் போங்கள், முன்வரிசை போய்விடும் என்று அவன் அனுப்பிவைத்தான்.

திரை விலகியது. மேடை நடுவில் பாயில் லாடிப்போ கிடந்தான். மார்புவரை வெள்ளைத் துணி, முகத்தில் சாம்பல் பூச்சு, மூக்கில் பஞ்சு. விதவையாக நடித்த அபேனி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அழுகை வராது. ஒத்திகையில் எல்லாம் இருமித்தான் சமாளித்தாள்.

லாடிப்போவம்மா பிணத்தைப் பார்க்கவே இல்லை. அவள் வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தாள். பொய்முடியும் கறுப்பு அங்கியுமாக ஒருவன் நுழைந்ததும் எழுந்து கைதட்டினாள். கூட வந்தவர்களும் தட்டினார்கள். முகம் திரும்பியதும் தட்டல் நின்றது.

"இது யாரு பெத்த புள்ள? என் பையன் எங்க?"

அந்தக் குரலைப் பாயில் கிடந்தவன் கேட்டான். உடம்பில் இருந்த உயிர் அப்போதுதான் நிஜமாகவே கொஞ்சம் போனது. கண்ணைத் திறக்கக்கூடாது. மண்டபத்துக் கடைசி வரிசையில் டாக்டர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா என்னைப் பார்க்காமல் போய்விடட்டும், வக்கீல்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள் என்று யாராவது அவளிடம் சொல்லட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். எந்த சாமியிடம் என்று யோசிக்க நேரமில்லை. அந்த வேளையில் ஓர் ஈ வந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது. மூக்கு அசைந்தது.

மூக்கு அவளுடையது, அவள் வீட்டு மூக்கு. அடையாளம் கண்டுவிட்டாள்.

பெற்றவள் கண்ணில் பிள்ளையின் பிணம் படக்கூடாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை நிஜமாகவே செத்தால்கூடத் தாயை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். குழி எங்கே என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அப்படியிருக்க, ஒரு மண்டபம் நிறைய ஆட்களைக் கூட்டி, விளக்குப் போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்துக் காட்டினால்? வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளை செத்த மாதிரி எதற்குக் கிடக்கப்போகிறான் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்திருக்கும். அந்த ஒரு நொடி அவளிடம் இல்லை. கயிற்றை ஒரு கையால் தூக்கி, குனிந்து, மேடைக்கு ஏறிவிட்டாள்.

"எம்புள்ளைய இப்படிக் கிடத்துனது யாரு?"

பொய்முடிக்காரன் கெட்டிக்காரன். டாக்டர் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். "அம்மா, இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று கணீரென்று கேட்டான்.

"பெத்தவ."

"அப்ப நிலத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு" என்றார் நீதிபதி. மண்டபம் இடிந்துவிழுவது போலக் கைதட்டியது. இருமிக்கொண்டிருந்த அபேனிக்குப் பயத்தில் நிஜமாகவே அழுகை வந்தது.

லாடிப்போவம்மா பாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பிறந்தபோது அவனுக்குச் சூட்டிய செல்லப் பெயரைச் சொன்னாள். "அஜானி. எழுந்திரு."

அவன் எழுந்திருக்கவில்லை. மார்க்கை நினைத்துக்கொண்டான்.

அவள் அந்தப் பெயரின் பின்னால் வம்சத்தை அடுக்கத் தொடங்கினாள். இன்ன குதிரைக்காரன் பேரன், இன்ன போரில் புறமுதுகு காட்டாதவன் கொள்ளுப்பேரன், யானை மிதித்தும் மடியாத செடி. பெற்றவள் வாயால் அதைக் கேட்டால் தூங்குகிற பிள்ளையும் தானாக எழுந்து வந்து முன்னால் நிற்கும். லாடிப்போவின் கால் கட்டைவிரல் மட்டும் எழுந்து நின்றது. மற்றதெல்லாம் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது.

அவள் தலைக்கட்டை அவிழ்த்துத் தரையில் போட்டாள். மார்பில் கை வைத்தாள். "இந்த மாருல பால் குடிச்சவன் நீதான்னா..."

தலைக்கட்டை அவிழ்த்து மார்பில் கை வைத்த தாயின் வாயில் அடுத்து வருவது சாபம். அந்த வாக்கியத்தை முடிக்கவிடுகிற பிள்ளை இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. லாடிப்போ விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். மூக்கில் பஞ்சு அப்படியே இருந்தது.

"அம்மா, மார்க் போயிடும்மா."

"என்ன மார்க்கு? சட்டம் படிக்கிறவனுக்குச் செத்துக் கிடக்க எதுக்குடா மார்க்கு?"

 லாடிப்போ நல்ல பிள்ளை. அம்மாவையும் முன்வரிசைப் பெரிய பெண்களையும் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வணக்கம் சொல்லத் தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"திரும்பப் படுக்காதடா, பாவி" என்று அவள் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

அதற்குமேல் நாடகம் யார் கையிலும் இல்லை. ஊதாவும் மஞ்சளுமாகச் சந்தைப் பெண்கள் அத்தனைபேரும் மேடை ஏறினார்கள். பிழைத்தவன் நெற்றியில் நோட்டு ஒட்டினார்கள், நீதிபதிக்கும் ஒட்டினார்கள். மூலையில் சும்மா இருந்த மேளக்காரன் அடித்து வாசிக்க ஆரம்பித்தான். வழக்கு தீர்ப்பில்லாமல் ஆட்டத்தில் முடிந்தது. போகும்போது லாடிப்போவம்மா அந்த வெள்ளைத் துணியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு போனாள். பிள்ளைமேல் கிடந்த பிணத்துணியை வைத்திருக்கலாமா? வழியில் ஆற்றுப் பாலத்தில் வேனை நிறுத்தித் தண்ணீரில் விட்டாள். துறை முத்திரையோடு போய்விட்டது.

மறுநாள் பலகையில் முடிவு ஒட்டினார்கள். பிணத்துக்கு எதிரே ஒரே சொல்: தோல்வி. பெட்டியைக் கட்டத் தொடங்கினான் லாடிப்போ.

டாக்டரோ வேறொன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார். கருத்தரங்கு ஒன்றுக்காக வெளிநாட்டில் அக்ரா நகரத்துக்குப் போகவிருந்தார். கிளம்புவதற்கு முன் தம் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பார்வையாளர்கள் நான்காவது சுவரை உடைப்பதே ஆப்பிரிக்க அரங்கின் உயிர்நாடி என்பது இப்போது அவர் கண்டுபிடிப்பு. தாம் நடத்திய ஒரு சோதனையில், தாய் ஒருத்தியைத் திட்டமிட்டு மேடைக்கு வரவழைத்ததாகவும், நீண்ட பயிற்சி பெற்ற மாணவன் சரியான கணத்தில் எழுந்ததாகவும், மண்டபமே மனம் கழுவப்பட்டு வீடு திரும்பியதாகவும் எழுதியிருந்தார். கடைசி பெஞ்சில் லாடிப்போ கையைத் தூக்கினான். இழப்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

"சார், எங்கம்மா மேடை ஏறுனது நீங்க திட்டம் போட்டது. நான் எழுந்தது நீங்க பயிற்சி குடுத்தது. அப்ப ஃபெயிலானது யாரு சார்?"

வகுப்பு மேசையைத் தட்டியது. மனசளவில் வக்கீல்கள்தானே, அத்தனை நாள் கழித்து ஒரு வழக்கு வந்திருக்கிறது. கட்டுரை வேறு, பரீட்சை வேறு என்றார் டாக்டர். ஒன்றில் சிந்தனை, மற்றதில் ஒழுங்கு.

"சரி சார். அக்ராவுல எழுந்திருச்சு யாராச்சும், அந்தப் பையனுக்கு எவ்வளவு மார்க் குடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  மறுநாள் பலகையில் 'தோல்வி' அடிக்கப்பட்டு, பக்கத்தில் தேறுவதற்கு எவ்வளவு குறைவாகப் போடமுடியுமோ அவ்வளவு போட்டிருந்தது. அக்ராவிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில் அவர் பேராசிரியர் ஆனார். கிடந்தவன் தேறினான், பார்த்துக்கொண்டிருந்தவர் உயர்ந்தார்.

அம்மா சமாதானமானது இன்னும் எளிது. "வக்கீலுக்கு நடிப்பும் சொல்லித் தர்றாங்க. அதுதான முதல்ல வேணும்" என்று சந்தையில் சொல்லிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. மற்ற சேதியையும் சந்தைப் பெண்கள் பார்த்தது பார்த்தபடி சொன்னார்கள். பரீட்சை என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். போதகர் காதுக்கு அது அப்படித்தான் போனது. கருவாட்டுக்காரி காதுக்கும் போனது. சாவே பிடித்து வைத்துக்கொள்ள முடியாத பிள்ளையைப் பெற்றவளோடு எதற்கு வம்பு என்று, அவள் ஒரு காலையில் கூடைகளை நகர்த்தி இடத்தைக் காலி செய்துவிட்டாள். நீதிமன்றம் போகாமலே வழக்கு ஜெயித்தது. இதெல்லாம் வதந்தி என்று மிளகாய்க்காரியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

லாடிப்போ இப்போது வீடியோப் படங்களில் நடிக்கிறான். எல்லாப் படத்திலும் வக்கீல். அந்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டைதான். படத்தில் வக்கீல் சாகக்கூடாது என்று அம்மா தயாரிப்பாளர்களிடமே நேராகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருவர் கதை அப்படித்தான் போகிறது என்று இழுத்தார். அவள் தலைக்கட்டில் கை வைத்தாள். கதை வேறு பக்கம் போனது.

படிப்பை முடித்துப் பல வருஷம் ஆகியும் பட்டச் சான்றிதழ் மட்டும் அவன் கைக்கு வரவில்லை. உடுப்புக் கிடங்கு கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத் துணி பாக்கி. புதிதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால், உயிரோடு இருக்கிறவன் தனக்கே பிணத்துணி வாங்குவானா என்கிறாள் அம்மா. நான் வாங்கித் தருகிறேன் என்று அபேனி வந்தாள். அவனுக்கு இன்னொருத்தி வாங்கினால் அதைவிடக் கேடு என்று அம்மா அவளையும் விரட்டினாள். எடுத்தவன்தான் கொடுக்க வேண்டும் என்கிறாள் மொரெனிகே அக்கா. பேராசிரியர், பிணம் வாங்கிய துணிக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்கிறார். சோதனை அவருடையது, துணி மட்டும் பையனுடையது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மொரெனிகே அக்கா அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். வக்கீல் நடிகர் என்றால் அவளுக்கும் பெருமைதான். படம் எடுத்து முடித்ததும் தோளில் இருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"துணி?"

"அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்க்கா."

"ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்லு. உன்னால பசங்கள்லாம் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போத்திக்கிட்டுச் செத்துக் கிடக்கறாங்க."

எதிர் மேசையில் கறி கடித்துக்கொண்டிருந்த லாடிப்போவம்மா நிமிர்ந்து, அவள் என்னடா கேட்கிறாள் என்று தாடையை ஆட்டினாள். ஒன்றுமில்லை என்று அவன் கையை ஆட்டினான்.